ஹனீபா நானா விற்காத படம்

செய்தி வந்தபோது நான் கடையில் யாரோ ஒரு பிள்ளையின் பட்டமளிப்புப் படத்துக்கு மட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். அழைத்தது முகுந்தன், ஞானம் அக்காவின் ஒரே மகன். "அம்மா போயிட்டா அங்கிள். நித்திரையிலேயே" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஹோலில வைக்க ஒரு படம் பெரிசாக்கி பிறேம் போடவேணும். உங்களிட்டத்தான் குடுக்கவேணும் எண்டு அம்மா எப்பவோ சொல்லி வச்சவ" என்றான்.

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம், அஜின்கோர்ட்டில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருப்பவனுக்கு இது புதிய வேலை இல்லை. சாமிப் படம், கலியாணப் படம், பிள்ளை பட்டம் வாங்கிய படம், பிறகு ஒரு நாள் இந்தப் படம். இந்த ஊரில் பல வீட்டுச் சுவர்ப் படங்கள் என் கையால் போனவைதான். ஆனால் அக்காவின் முகத்தைச் சட்டத்துக்குள் வைத்து இறக்கிய ஆணி இரண்டு தரம் கோணிப்போனது. அதற்குக் காரணம் துக்கம் மட்டும் இல்லை. தொலைபேசியை வைக்கும் முன் முகுந்தன் இன்னொன்றும் சொல்லியிருந்தான்: "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசவேணும் அங்கிள். ஆனா பெயின்ரிங் கதை மட்டும் வேண்டாம். பிளீஸ்."

உங்களில் பலர் அன்று மண்டபத்தில் இருந்தீர்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தும் இருக்க இடமில்லாமல் சனம் சுவரோரம் நின்றது. ஸ்காபரோவில் வீணை என்றால் ஞானேஸ்வரி ரீச்சர் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பேசியவர்கள் நல்லதைத்தான் பேசினார்கள். ஒருவர், வீடு வாசல் எல்லாம் இழந்து ஊரைவிட்டு வெளிக்கிட்டபோதும் சரஸ்வதியை மட்டும் கைவிடாமல் பாயில் சுற்றிக் கொண்டுவந்த தாய் என்றார். கூட்டத்தில் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது. பாயில் சுற்றியது உண்மை. ஆனால் அது சரஸ்வதி இல்லை. அக்காவுடையதும் இல்லை. இதை எழுந்து சொல்லத் துணியக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

என் முறை வந்தபோது, வகுப்புக்குப் பிந்தி வரும் பிள்ளைகளை விட்டுவிட்டு அவர்களின் தகப்பன்மாரைத்தான் அக்கா ஏசுவார் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு இறங்கினேன். முகுந்தனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுமலருக்கு என்னை எழுதச் சொன்னதும் அதே முகுந்தன்தான். இந்த முறை, "முழுக்க எழுதுங்கோ" என்றான். இடையில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் படத்தைச் சொல்லவேண்டும்.

அக்காவின் பேஸ்மென்ற் வகுப்புக்குப் போனவர்கள் எல்லாருக்கும் அந்தப் படத்தைத் தெரியும். படியிறங்கியதும் எதிர்ச்சுவரில் இருக்கும். வெள்ளை உடுப்பில் ஒரு பெண் பாறையில் இருக்கிறாள். மடியில் ஒரு நரம்பு வாத்தியம். பின்னால் உடைந்த கல்தூண், ஒரு நீரோடை. ஒரு பக்கத்துத் தோள் வெறுமையாக இருப்பதால் மாலை எப்போதும் அதை மறைத்து அந்தப் பக்கமாகவே சரிந்து கிடக்கும். விஜயதசமி அன்று பிள்ளைகள் வரிசையில் நின்று அதன் முன் விழுந்து கும்பிடுவார்கள். மடியில் வைத்து அரிசியில் எழுத்துத் தொடக்கியதும் அதன் முன்னால்தான். என் மகளுக்கும் அங்கேதான் தொடக்கினோம். ஒருமுறை ஒரு வாண்டு, "ரீச்சர், மற்ற ரெண்டு கையும் எங்க?" என்று கேட்டது. "வெள்ளைக்காரன் கீறினது, பிள்ளை. அவையளுக்கு ரெண்டு கையே கூட" என்றார் அக்கா. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். பெரியவர்கள் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் மடியில் இருந்தது யாழ். யாழ்ப்பாணத்தார் நாங்கள் அத்தனை பேரும் அதன் முன் கைகூப்பி நின்று, அதை வீணை என்று சொல்லிக்கொண்டு வந்தோம்.

நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு நாள் அக்கா படத்தைப் போர்வையில் சுற்றி என் கடைக்குக் கொண்டுவந்தார். "தம்பி, கற்பூரப் புகையில கண்ணாடி மங்கிப்போச்சு. மாத்தித் தாரும்" என்றார். கண்ணாடியில் நெற்றிக்கு நேரே ஒரு குங்குமப் பொட்டு. கண்ணாடியைக் கழற்றியபோது பின்னால் துணியிலேயே இன்னொரு பொட்டு இருந்தது. இரண்டாவது பழையது, வெள்ளிக்கிழமை தோறும் வைத்து வைத்துக் காய்ந்து தடித்துப்போனது. கண்ணாடி போடாத காலத்துப் பொட்டு. அதைச் சுற்றி, பழைய எண்ணெய் வர்ணத்தில் விழும் மெல்லிய வெடிப்புகள். நான் அதுவரை அதை அச்சுப் படம் என்றே நினைத்திருந்தேன். "அக்கா, இது கையால கீறினது. பழசு. சரியான பழசு" என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். சந்தோஷமான முகமாக அது இருக்கவில்லை.

பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் ஹெலன் என்ற பெண்ணை எனக்குத் தெரியும். சட்டங்களுக்காக என்னிடம் வருவார். முகுந்தனையும் கூட்டிக்கொண்டு போய் அவரிடம் படத்தைக் காட்டினோம். இங்கிலாந்தில் ஓவியர்கள் கிரேக்கம், ரோமாபுரி என்று பித்துப்பிடித்துத் திரிந்த காலத்துப் படம் என்றார். பெரிய பெயர் ஒன்றும் இல்லை, ஆனால் தேர்ந்த கை. அந்தப் பெண் பாட்டுக்குரிய கிரேக்கத் தேவதை. அதைக் கேட்டு அக்கா, "அப்ப நான் பாதி சரி" என்றார். பிறகு ஹெலன் கேட்டார்: இது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது? எந்தப் படத்துக்கும் அந்தத் தொழிலில் முதல் கேள்வி அதுதானாம். அக்கா தன் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். முகுந்தன்தான், "நாங்கள் விசாரித்துச் சொல்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தான்.

முகுந்தன் றிச்மண்ட் ஹில்லில் வீடும் நல்ல உத்தியோகமுமாக இருப்பவன். காசுக்கு ஆசைப்பட்டான் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். படத்தைப் பெரிய காட்சிக்கூடம் ஒன்றுக்கு அம்மாவின் பெயரில் அன்பளிப்பாகக் கொடுக்க ஆசைப்பட்டான். பக்கத்தில் ஒரு சின்ன அட்டை, அதில் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பம் என்று இருக்கவேண்டும். எங்கள் ஆட்கள் பாத்திரம் கழுவவும் துப்புரவு செய்யவும் மட்டும் வரவில்லை என்று இந்த ஊர் அறியட்டும் என்றான். கேட்டபோது எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஒரு சனிக்கிழமை புதிய கண்ணாடியைக் காட்ட அவர்கள் வீட்டுக்குப் போனேன். முகுந்தன் குசினி மேசையில் படத்தின் வரலாற்றை எழுதி வைத்திருந்தான். இங்கிலாந்து, பிறகு இலங்கை மலைநாட்டில் ஒரு தோட்டத்துரையின் பங்களா, பிறகு யாழ்ப்பாணத்தில் எங்கள் குடும்பம், பரம்பரைச் சொத்து. அவ்வளவுதான். அக்கா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"எந்தப் பரம்பரை? ஹனீபா நானா எனக்கு மாமனோ?" என்றார்.

"அம்மா, அப்பா காசு குடுத்துத்தானே வாங்கினவர். அவர் சைக்கிளில கட்டிக் கொண்டுவந்தது எனக்கு ஞாபகமிருக்கு."

"ஓம், குடுத்தவர். ஆருக்குக் குடுத்தவர்?"

அக்கா கதிரையை இழுத்து எங்களுக்கு எதிரே இருந்தார். அன்று அவர் சொன்னதை அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் முஸ்லிம் மக்கள் இருந்த சோனகத்தெருப் பக்கம் ஹனீபா நானாவுக்கு ஒரு கடை இருந்தது. பழைய தளபாடம், பித்தளை, மணிக்கூடு எல்லாம் அங்கே கிடைக்கும். தோட்டத்துரை ஒருவர் நாட்டைவிட்டுப் போனபோது பங்களாச் சாமான்களை விற்றார். நானா மலைநாட்டுக்கு லொறி கொண்டுபோய் ஏற்றிவந்ததில் இந்தப் படமும் ஒன்று. அக்கா சிறு பிள்ளையாகத் தகப்பனாரோடு குத்துவிளக்கு வாங்கப் போனபோது அது கடைக்குள் தொங்கியது. பிள்ளை அதைச் சரஸ்வதி என்று நினைத்துக் கும்பிட்டது. தகப்பனார் விலை கேட்டார். நானா சிரித்தாராம். "ஐயா, கடையில மற்றதெல்லாம் விலைக்கு. இது மட்டும் கடைக்கு. இதைக் குடுத்தால் கடை இருண்டுபோகும். பிள்ளைக்குக் கும்பிட ஆசையெண்டால் எப்பவும் வரட்டும், நான் தடுக்கவா போறன்?" என்றாராம். பிறகும் அக்கா பலமுறை போயிருக்கிறார். பெரிய பெண்ணாகி வீணை படிக்கத் தொடங்கியபோதும், கலியாணம் முடித்த பிறகும் போயிருக்கிறார். நானா ஒருநாளும் சலிக்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு அந்த முஸ்லிம் மக்களை உடுத்த உடுப்போடு ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். நகையும் காசும்கூட வழியில் பறிபோயின. துவக்கோடு நின்ற இயக்கத்தார் எங்கள் பெயரால்தான் அதைச் சொன்னார்கள். "நாங்கள் படலைக்குள்ள நிண்டு பாத்தம். ஒராளும் ஏனெண்டு கேக்கேல்லை. பயம் எண்டு பிறகு சொல்லிக்கொண்டம். பயமும் இருந்ததுதான்" என்றார் அக்கா. கொஞ்ச நாளில் அந்த வீட்டுச் சாமான்களும் கடைச் சாமான்களும் ஓரிடத்தில் விற்பனைக்கு வந்தன. ஊர்ச்சனம் போனது. அக்காவும் கணவரும் போனார்கள்.

"ஏனம்மா போனனீங்கள்?" என்று முகுந்தன் கேட்டான். அவன் குரல் நன்றாக இறங்கியிருந்தது.

"மலிவெண்டு" என்றார் அக்கா.

அங்கே ஒரு மூலையில் படம் சுவரில் சாய்த்துக் கிடந்தது. கண்டவுடனே அக்காவுக்கு அது எந்தப் படம் என்று தெரியும். விற்கமாட்டேன் என்று நானா தன் வாயால் சொன்னதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கணவரின் கையைச் சுரண்டினாராம். வீட்டுக்குக் கொண்டுவந்து, குளித்து, நெற்றியில் பொட்டு வைத்து, சாமியறையில் மாட்டினார். "சாமி எண்டு வச்சுட்டால் ஆரும் கேக்கேலாதெல்லே. அதுக்குத்தான் வச்சனோ, பக்தியிலதான் வச்சனோ, இண்டுவரைக்கும் எனக்குத் தெரியாது" என்றார். பிறகு தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி இவர்களும் ஊரைவிட்டு நடக்கவேண்டி வந்தது. கணவர் படத்தைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்துப் பாயில் சுற்றினார். "நானாவை ஒரு பாய்கூட எடுக்கவிடேல்லை. நாங்கள் அவரின்ர படத்தைப் பாயில சுத்திக் கொண்டு நடந்தம்."

நான் ஊரை விட்டது அதற்கு முன்னம். தொண்ணூறில் நான் இங்கே ஒரு உணவகத்தின் பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் எங்களைத் துரத்தினார்கள், எங்களைத் துரத்தினார்கள் என்று இத்தனை வருடமாக எத்தனை கூட்டத்தில் கைதட்டியிருப்பேன். அந்த 'எங்களை'க்குள் ஹனீபா நானா இல்லை என்பது எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. அந்தக் குசினியில் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு வெட்கமாக இருந்தது. குடிக்காமலே எழும்பிவிட்டேன்.

அக்கா அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. ஒரு இடப்பெயர்வு நினைவுக் கூட்டத்தில் அவரை வீணை வாசிக்கவும் இரண்டு வார்த்தை பேசவும் கூப்பிட்டார்கள். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். "தொண்ணூற்றைஞ்சில நாங்கள் நடந்ததைச் சொல்லத்தான் வேணும். அதுக்கு முன்னம் எங்கட ஊரிலயிருந்து துரத்தப்பட்டு நடந்த ஆக்களையும் சொல்லிப்போட்டுச் சொல்லுவம்" என்றார். தம்பியொருவர் வந்து, நேரம் போகிறது ரீச்சர் என்று பணிவாக ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். இடைவேளையில் வடை தின்றுகொண்டு, ரீச்சருக்கு வயது போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கு வயது போனதென்னவோ உண்மைதான்.

ஹனீபா நானாவின் ஆட்களைத் தேடிப் பிடிக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பிளாசா ஒன்றில் சோனகத்தெருக்காரர் ஒருவர் ஹலால் இறைச்சிக் கடை வைத்திருந்தார். மச்சம் மாமிசம் தொடாத அக்கா, அதுவும் வெள்ளிக்கிழமை, அங்கே போகவேண்டும் என்றார். நான்தான் காரில் கூட்டிப்போனேன். கடைக்காரர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். காருக்குள் இரும் என்றால் கேட்கவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே குளிரில் நின்றார். கடைக்காரர் வந்து கதவைத் திறந்து, அக்கா சொன்னதை எல்லாம் இறைச்சி வெட்டிக்கொண்டே கேட்டார். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "இப்ப ஏன் தேடுறீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். "பிந்திப்போச்சு, தம்பி. அதுதான்" என்றார் அக்கா. அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். ஒருநாள் அந்த மனிதர் தொலைபேசி இலக்கம் ஒன்றைத் தந்தார். நானாவின் மகள் பாத்திமா, துரத்தப்பட்டவர்களில் பலர் போய்ச் சேர்ந்த புத்தளத்தில்.

முகுந்தன் அப்போது இதை விரும்பவில்லை. ஆகவே என் கடையிலிருந்துதான் பேசினோம். அக்காவுக்குக் காது மந்தம் என்பதால் ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தோம்.

அக்கா தன்னை யாரென்று சொல்லி, படத்தைப் பற்றிச் சொன்னார். "எந்தப் படம்?" என்றது அந்தக் குரல். அறுபது வயதிருக்கும். பிறகு யோசித்து, "கடைக்குள்ள தொங்கினதோ? வெள்ளை உடுப்புப் பொம்பிளை?" என்றார். "ஓம், பிள்ளை." "வாப்பா புத்தளத்துக்கு வந்து ரெண்டாம் வருசமே மவுத்தாயிட்டார். அதை எப்பவோ வித்திருப்பார் அக்கா. அவருக்கு எல்லாம் கடைச் சாமான்தானே. நீங்க கவலைப்படாதீங்க."

விற்றிருப்பார் என்ற அந்தக் கதவால் அக்கா வெளியே போயிருக்கலாம். திறந்து விட்டது அந்தப் பிள்ளையே. "இல்லை, பிள்ளை. அவர் விக்கமாட்டன் எண்டு எனக்கு முன்னால சொன்னவர். நீங்கள் போன பிறகு விக்கப் போட்டவை. அங்கதான் நாங்கள் எடுத்தனாங்கள். அவரின்ர படம் எண்டு தெரிஞ்சுதான் எடுத்தன்" என்றார்.

பிறகு பாத்திமா கேட்டார்: "அங்க வேற என்ன கண்டீங்க?"

அக்கா எதிர்பார்க்காத கேள்வி. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். தையல் மிசின்கள். செம்புக் குடம். நிலைக்கண்ணாடி வைத்த அலுமாரி. பச்சை பூசின ஒரு பிள்ளைத் தொட்டில், அதில் ஒரு கால் கட்டை.

"கால் கட்டையெண்டால் அது எங்கட தொட்டில். என்ர மகன் அதிலதான் கிடந்தவன். தூக்கிக்கொண்டு வரேக்க அவனுக்கு அந்தச் சூடு இன்னும் உடம்பில இருந்தது" என்றார் பாத்திமா. பிறகு, "அதை ஆர் எடுத்தது எண்டு தெரியுமோ?"

"தெரியும்" என்றார் அக்கா.

"பேர் வேண்டாம். அதில வளந்த பிள்ளை நல்லாய் இருக்கோ?"

"இருக்குது, பிள்ளை. இஞ்ச ரொறன்ரோவிலதான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாத்திமா.

அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்தப் பிள்ளை யார் என்று நான் பிறகு கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செத்தவீட்டன்று மண்டபத்தில் வரிசையாக வந்து பெட்டிக்குள் பூப்போட்ட, முப்பது வயது தாண்டிய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களில் ஒருவர் அந்தத் தொட்டிலில் வளர்ந்தவர். உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். உங்கள் சுகத்தை அந்தத் தாய் விசாரித்தார் என்று சொல்லிவைக்கிறேன்.

படத்தைத் திருப்பி அனுப்புவது என்று முடிவானது. ஆனால் பொட்டு இருந்தது. ஹெலன் அதை எடுக்கலாம் என்றார். வெடிப்புக்குள் இறங்கியது கொஞ்சம் நிற்கும் என்றும் சொன்னார். அக்காவுக்கு இரண்டு மனம். துடைத்தால் நாங்கள் செய்ததே தெரியாமல் போய்விடும், வெட்கம் படத்திலேயே இருக்கட்டும் என்று ஒரு நாள் சொல்வார். அடுத்த நாள், முஸ்லிம் வீட்டுக்குச் சாமிப் பொட்டோடு அனுப்புவது இன்னொரு அநியாயம் என்பார். கடைசியில் பாத்திமாவையே கேட்டார். "படத்துக்கோ பொட்டு வச்சீங்க?" என்று அவர் முதன்முறையாகச் சிரித்தார். "வாப்பா இருந்தால் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார். எடுத்துப்போட்டு அனுப்புங்க அக்கா. எங்கட வீட்டில வைக்கேலாது." அக்காவும் சிரித்தார். வைத்த கையாலேயே எடுக்கவேண்டும் என்று ஹெலனைக் கெஞ்சி ஒரு நாளும் குறித்தார். அந்த நாள் வரமுன் போய்விட்டார்.

அதனால் செத்தவீடு முடிந்த பிறகு முகுந்தனும் நானும் போனோம். ஹெலன் குச்சியில் பஞ்சைச் சுற்றி ஈரமாக்கி, அந்த நெற்றியில் மெல்ல உருட்டினார். பஞ்சு சிவந்தது. அதை ஒரு தட்டில் போட்டுவிட்டு அடுத்ததைச் சுற்றினார். முகுந்தன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றான். வேலை முடிந்ததும் ஹெலன் தன் பதிவுக்காக, படத்தின் சொந்தக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். முகுந்தன், "பாத்திமா. ஹனீபாவின் மகள்" என்று எழுத்துக்கூட்டிச் சொன்னான். அப்படியென்றால் நீங்கள், என்று ஹெலன் நிமிர்ந்து பார்த்தார். "நாங்கள் வைத்திருந்தோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். கொஞ்சம் பொறுத்து, "கேட்காமல்" என்றான்.

திரும்பி வரும்போது சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியவன், பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். "ஹோலில அவர் பாயில சுத்தின கதையைச் சொல்லேக்க எல்லாரும் அழுதவை அங்கிள். எனக்கு அழுகை வரேல்லை. வெக்கம்தான் வந்தது. அம்மாவுக்கு இவ்வளவு காலமும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இப்பிடித்தானே இருந்திருக்கும்" என்றான். பிறகுதான், "முழுக்க எழுதுங்கோ" என்றான்.

படத்துக்கு நான் மரப்பெட்டி செய்துவிட்டேன். அடுத்த மாதம் முகுந்தன் தானே புத்தளத்துக்குக் கொண்டுபோகிறான். பேஸ்மென்ற் சுவரில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. அங்கே மாட்ட ஒரு நல்ல சரஸ்வதி படம் தரவா என்று கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் அங்கிள் என்றான்.

அக்காவின் மாணவர்கள் அவர் வீணையில் வாசித்ததை வைத்திருக்கிறார்கள். என்னிடம் இருப்பது வேறு. ஹெலன் அந்தப் பஞ்சுகளைக் குப்பைத்தொட்டியில் தட்டப் போனபோது, தரச்சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். கடை மேசை லாச்சியில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கின்றன, எல்லாம் சிவப்பாக. குங்குமத்தைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. எடுத்து நெற்றியில் வைக்கவும் முடியவில்லை.